வர்ட்டா?

ராயபுரம் ரயில் நிலையத்தின் பின்புறச் சந்துக்குள் மீன்பாடி வண்டி திரும்பியபோது, பீரோவைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் நின்றிருந்த ஜெயவேல்தான் வீட்டை முதலில் பார்த்தான்.

“மொழி, அதோ பச்ச ஜன்னலு. அதான் நம்ம வூடு.”

முன்னால் உட்கார்ந்திருந்த எழில்மொழி, மடியில் இருந்த சுவர்க் கடிகாரத்தை ஒரு கையாலும் ஐந்து மாத வயிற்றை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அது ஒரு பழைய பெரிய வீட்டின் பின்கட்டு. முன்கட்டு பூட்டிக் கிடந்தது. பின்கட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி, அடுப்படியை ஒட்டினாற்போல ஒரு கார் ஷெட். அந்த ஷெட்டுக்காகத்தான் இந்த வீட்டையே பிடித்திருந்தார்கள்.

காரணம் பட்டம்மாள். ஜெயவேலின் அம்மா. ஜெயவேலும் எழிலும் வியாசர்பாடியில் ஒரே தெருவில் வளர்ந்து, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவள் மகனோடு பேசவில்லை. எழிலுக்கோ அம்மா இல்லை. பிள்ளை உண்டான செய்தி போனபிறகுதான் பட்டம்மாள் வாய் திறந்தாள். “கால நீட்டிப் படுக்க எனக்குன்னு ஒரு ரூமு, கீய சில்லுனு செவப்புத் தரை. அத்த ரெடி பண்ணச் சொல்லு, பிரசவத்துக்கு வர்றேன்.” செய்தி கொண்டுபோனவரிடம் அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி ஜெயவேல் சோற்றில் கை வைத்தபடி அழுதான்.

வீட்டுக்காரம்மா ஃப்ளோரா சாவியோடு வாசலில் காத்திருந்தாள். அறுபது வயது, வெள்ளைக் கைக்குட்டை, தூக்கிக் கட்டிய கொண்டை.

“ஷெட்டுக்கு வாடகை வேணாம். நீங்களே சரிபண்ணி எடுத்துக்கோங்க. ஆள் தேடாதீங்க. இங்க மேஸ்திரிங்க யாரும் நிலைக்க மாட்டாங்க.”

“நானே பண்ணிடுவேன் ஆன்ட்டி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்லதான் வேலை. இரும்பு கைக்கு வந்துடும். சிமென்ட்டுக் கலக்கத் தெரியும். வேற இன்னா வோணும்?”

அடுப்படிச் சுவரில் ஒரு குறுகலான கதவு இருந்தது. ஷெட்டுக்குள் போகும் உள்வாசல். தாழ்ப்பாள் அடுப்படிப் பக்கம் மட்டும்தான். அதன்மேல் பல தடவை பெயின்ட் அடித்து அடித்துத் தாழ்ப்பாளே கதவோடு ஒட்டிப் போயிருந்தது.

பீரோவை இறக்க வண்டிப் பக்கம் கிளம்பிய ஜெயவேல், மரியாதைக்குத் திரும்பி, “வர்ட்டா ஆன்ட்டி?” என்றான்.

ஃப்ளோரா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் சந்தில் இறங்கிப் போய்விட்டாள்.

“இன்னாடி இந்தம்மா, மூஞ்சில அடிச்ச மாதிரி போவுது?” என்றான் ஜெயவேல்.

“பெரிய வூட்டுக்காரங்க அப்டித்தான் இருப்பாங்க. நீ பீரோவ எறக்கு.”

*

ஷெட்டின் இரட்டை மரக்கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து பழைய ஆயிலின் நெடி ஆளைத் தள்ளியது. டயர்கள், துருப்பிடித்த ஜாக்கி, எலி கடித்த சீட்டு, கூரை ஓட்டின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் வட்டங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அள்ளி வெளியே போட்டார்கள். எழில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு துடைப்பத்தோடு நின்றாள். “கலீஜ் புடிச்ச ஷெட்டு. உங்கம்மா இத்தப் பாத்தா திரும்பி ஆட்டோ ஏறிடும்” என்று சிரித்தாள்.

ஆனால் ஷெட்டு கொஞ்சம் கொஞ்சமாக அறையாகிக்கொண்டுதான் வந்தது. ஜெயவேல் வேலை முடிந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவான். உடைந்த ஓடுகளை மாற்றினான். மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த ஆங்கிள் துண்டுகளை வைத்து ஜன்னலுக்குக் கம்பி அடித்தான். சுவரைக் கொத்திப் பூசினான். ஆயில் குடித்துக் கறுத்துப்போன தரையை உளியால் செதுக்கி எடுத்தான். உள்வாசல் தாழ்ப்பாளின் பெயின்ட்டைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, அசைய வைத்தான்.

அவனுடைய டி.வி.எஸ். ஃபிப்டி ஷெட்டில்தான் நிற்கும். காலையில் வண்டியை எடுக்கும்போது உள்வாசலில் சாவியால் இரண்டு தட்டுத் தட்டுவான்.

“வர்ட்டா?”

அடுப்படியிலிருந்து அவள் சொல்வாள். “சரி, வா.”

யாராவது வெளியே கிளம்பும்போது ‘போகிறேன்’ என்பார்களா? வர்ட்டா என்றுதான் கேட்பார்கள். வா என்றுதான் அனுப்புவார்கள். போகிறவர் திரும்பி வரவேண்டும் என்ற ஆசை அந்த ஒரு சொல்லில் இருந்தது. அந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் எழிலுக்குப் பொழுது விடியாது.

அதனால்தான் மீன்காரி பிலோமி மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிலோமி தினமும் கூடையோடு வருவாள், வாய் ஓயாமல் பேசுவாள், வயிற்றுப் பிள்ளைக்கு நல்லது என்று சுறாக் குஞ்சை அரிந்து கொடுப்பாள். எல்லாம் சரி. கிளம்பும்போது மட்டும், “போறேன்” என்பாள். பக்கத்து வீட்டில் “வர்ட்டாக்கா” என்பவள், இந்த வாசலில் மட்டும், பிள்ளைத்தாய்ச்சி முகத்துக்கு நேரே, “போறேன்.”

கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். மீன் விலை பேசுவதில் மறந்துவிடும்.

*

ஒரு மதியம். வானம் மூடிக்கொண்டு அடுப்படி இருட்டாகக் கிடந்தது. எழில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். உள்வாசலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“வர்ட்டா?”

ஏதோ எடுக்க மார்க்கெட்டிலிருந்து வந்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். “சரி, வா.”

கதவு லேசாக அசைந்தது. தாழ்ப்பாள் ஒரு முறை குலுங்கி நின்றது. காற்று என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஜெயவேலிடம் கேட்டாள். “மத்தியானம் எதுக்குய்யா வந்த?”

“நானா? மார்க்கெட்ல இன்னிக்கு லோடு எறக்கவே பேஜாரா போச்சு. நான் எங்க வந்தேன்?”

எழில் போய் உள்வாசல் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

மறுநாளும் அதே நேரம். முதலில் வந்தது வாசனை. பெட்ரோல் புகை. பூட்டிய இடத்தில் நெடுநேரம் வண்டியை ஓடவிட்டால் வருமே, கண் கரிக்கும் அந்தப் புகை. டி.வி.எஸ். ஃபிப்டி சாத்தாங்காட்டில் இருக்கிறது. ஷெட்டில் வண்டி எதுவும் இல்லை.

பிறகு குரல்.

“வர்ட்டாம்மா?”

ஜெயவேல் அவளை அம்மா என்று கூப்பிட மாட்டான்.

ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது. நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. “சரி, வா.”

கதவை யாரோ தள்ளினார்கள்.

முரட்டுத்தனமாக இல்லை. வா என்றார்களே, திறந்திருக்குமோ என்று கையை வைத்துப் பார்ப்பது போல. பலகை உள்பக்கம் வளைந்தது. தாழ்ப்பாள் தடுத்தது. ஒரு பெருமூச்சு. பலகை மறுபடி நிமிர்ந்தது.

எழில் வாசலுக்கு ஓடிவந்து ஜெயவேல் வரும்வரை தெருவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

*

“எதுக்குக்கா எங்க வூட்டாண்ட மட்டும் போறேன்னு சொல்ற?”

பிலோமி அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள். எழிலின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“கூப்ட்டுச்சா?”

எழில் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“நீ வயித்துப் புள்ளக்காரி. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். இந்தச் சந்துல இந்த வாசல்ல எவனும் அந்த வார்த்தைய சொல்ல மாட்டான். ஃப்ளோராம்மாவே சொல்லாது.” பிலோமி முந்தானையால் கையைத் துடைத்தாள். “அப்போ அந்தம்மாவோட மாமியாரு இருந்தாங்க. அவங்க காருக்கு பொன்னுரங்கம்னு டிரைவரு. எங்க காசிமேட்டு ஆளுதான். தங்கமான மனுசன். சாய்ங்காலம் வண்டியத் தொடச்சு வெச்சுட்டு, அந்த உள்வாசலாண்ட நின்னு ‘வர்ட்டாம்மா’ன்னு சொல்லிட்டுத்தான் வூட்டுக்குப் போவான். கெயவி உள்ள இருந்தே ‘சரி, வா’ன்னும். ஒரு தபாகூட அந்தக் கதவ அவனுக்குத் தொறந்து உட்டதில்ல.”

“அப்புறம்?”

“ஒரு பொயலு. சந்துல முட்டிக்குத் தண்ணி. இன்ஜின் நனைஞ்சிட்டா போச்சேன்னு, மயை உள்ள அடிக்காம ஷெட்டு கதவ சாத்திக்கினு வண்டிய ஓட உட்டுக்கினு இருந்தான். பொகை சூய்ஞ்சிடுச்சு. வெளிக்கதவு தண்ணில ஊறி உப்பிப்போயி தொறக்க வரல. தட்டுத் தடுமாறி உள்வாசலுக்கு வந்தான். கத்த தொண்டைல தெம்பில்ல. ‘வர்ட்டாம்மா’ன்னான். கெயவி கைல ஜெபமால. தெனம் கேக்குறதுதானேன்னு ‘சரி, வா’ன்னுச்சு. திரும்பக் கேட்டான். ‘வா, வா’ன்னுச்சு. திரும்பக் கேட்டான்.” பிலோமி நிறுத்தினாள். “‘அதான் வான்னு சொல்ட்டேனே’ன்னு ஒரு அதட்டு அதட்டுச்சாம். அதுக்கப்புறம் அவன் கேக்கல.”

மீன் கூடையைச் சுற்றி ஈ பறந்தது.

“அவன் உள்ள வரட்டான்னு கேட்டான். கெயவி போய்ட்டு வான்னு அனுப்புச்சு. சாவுற மட்டும் அத்தையே சொல்லிச் சொல்லி அயுதுச்சு.” பிலோமி கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். “நீ பதில் சொல்லாத. வா-ன்னு மட்டும் சொல்லிடாத கண்ணு. நான் போறேன்.”

*

எல்லாவற்றையும் சொன்னால் ஜெயவேல் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டான்.

“வேற வூடு பாக்கலாமாடி?”

பார்க்கலாம்தான். ஆனால் கூரை முடிந்துவிட்டது, ஜன்னல் முடிந்துவிட்டது, தரை ஒன்றுதான் பாக்கி. பட்டம்மாள் பெட்டி கட்டிவிட்டாளாம். இப்போது வேண்டாம் என்று சொல்லியனுப்பினால், அந்தக் கிழவி இன்னொரு முறை இறங்கி வருவாளா? பிள்ளை பெறும் நேரத்தில் தலைமாட்டில் யார் இருப்பார்கள்?

“உங்கம்மா வரட்டும்” என்றாள் எழில். “நாலு பேர் பொழங்குற எடத்துல எதுவும் தங்காது. ஆனா ஒண்ணு. நீ இனிமே அந்த வார்த்தைய சொல்லக் கூடாது. கதவுல ரெண்டு தட்டு தட்டு, போதும். ரெண்டு தட்டுன்னா நீ. வேற எது கேட்டாலும் நான் தாப்பாள எடுக்க மாட்டேன்.”

“சரிடி.”

தரை போட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. மதியத்துக்குமேல் கரன்ட்டும் போய்விட்டது. சிவப்புச் சாயம் கலந்த சிமென்ட்டைக் குழைத்தாகிவிட்டது. பாதியில் விட்டால் பாறையாகிவிடும். ஜெயவேல் தெருமுனை சவுண்டு சர்வீஸ் கடையிலிருந்து ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குத் தூக்கி வந்தான். ஷெட்டின் வாசலோர மூலையில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்து, பல்பு ஒன்றைத் தொங்கவிட்டான்.

“சாரல் அடிக்குது, வெளிக்கதவ சாத்திக்கறேன். அங்கேர்ந்து பூசிக்கினே பின்னால வந்து, உள்வாசல் வயியா ஏறிடுவேன். ஈரத்துல கால் வெக்கக் கூடாது. ரெண்டு தட்டு. தொற. டீயோட நில்லு.”

செருப்பை அடுப்படி மூலையில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அதன் அடியில் மெல்லிய ஓசையாக, கரணை சிமென்ட்டை வழிக்கும் சத்தம். சர்ர்... சர்ர்... கேட்கக் கேட்க எழிலுக்குத் தைரியமாக இருந்தது. துவரம்பருப்பைப் புடைத்தாள். வெளியே மழை வலுத்தது. அடுப்படிக்குள் அந்தி போல இருட்டு இறங்கியது. மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

கரணைச் சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது என்று தெரியவில்லை.

ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கதவின் அடிச்சந்து வழியாகப் புகை நாக்கு நாக்காக உள்ளே வந்தது.

“வர்ட்டாம்மா?”

கதவுக்கு அந்தப் பக்கம். அவள் முகத்தின் உயரத்தில்.

எழில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வர்ட்டாம்மா?”

கெஞ்சலாக இல்லை. அவசரமாகவும் இல்லை. வருஷக்கணக்காக நின்று பழகிய குரல்.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. பதில் சொல்லாதே, பதில் சொல்லாதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சுவரோடு ஒட்டினாள்.

டொக்.

ஒரு தட்டு. குரல் வந்த இடத்திலிருந்து இல்லை. கீழே, கதவின் அடியில், தரையை ஒட்டி.

அவள் இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஒரு தட்டு என்றால் அவனில்லை. அப்படித்தானே பேச்சு? அதுவும் கற்றுக்கொண்டுவிட்டதா? திறக்க வைப்பதற்கு என்னவெல்லாம் செய்யும்? மெழுகுவர்த்திச் சுடர் புகையில் மங்கியது. அவளுக்கே கண் கரித்தது, தலை சுற்றியது. சாத்திய கதவு. மழை. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின். புகை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“யோவ்! ஜெயா!”

நகம் ஒன்று பலகையைப் பிறாண்டி வழுக்கிக் கீழே இறங்கும் சத்தம். அதற்கு மேலே, அதே உயரத்தில், அதே பொறுமையோடு அந்தக் குரல்.

“வர்ட்டாம்மா?”

மேலே ஒருவன் நிற்கிறான். கீழே ஒருவன் கிடக்கிறான். இருவருக்கும் ஒரே கதவு.

எழில் பாய்ந்து தாழ்ப்பாளைப் பிடித்தாள். இழுத்தாள். அசையவில்லை. எண்ணெய் விட்டு வழுக்கிக்கொண்டிருந்த தாழ்ப்பாள், பழையபடி பெயின்ட்டில் ஒட்டியது போல நின்றது. இரண்டு கையாலும் தொங்கினாள். உள்ளங்கை கிழிந்தது. கதவின் அந்தப் பக்கம் ஏதோ காத்திருந்தது. எதற்குக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

“வாங்க” என்று கத்தினாள். “ரெண்டு பேருமே வாங்க! உள்ள வாங்க!”

தாழ்ப்பாள் தானாக விலகியது.

ஜெயவேல் வாசற்படியின் குறுக்கே சரிந்து விழுந்தான். கையில் கரணை. முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. அவனுக்குப் பின்னால் நீலப் புகையின் சுவர். அவள் குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்தபோது, படிக்கு அந்தப் பக்கம், மிக அருகில், ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம்.

பிறகு, ஈரத் துணி ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

*

தெருவே கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார்கள். இரண்டு நாளில் ஜெயவேல் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான்.

“கைய கால தூக்கவே முடியலடி. பாதி வயியிலயே உயுந்துட்டேன். நீதான் உள்ள வந்து கக்கத்துல கை குடுத்து கதவாண்ட வரைக்கும் இய்த்துக்கினு வந்த.”

எழில் டீ டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். கதவு திறக்கும்வரை அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பிலோமியிடம் மட்டும் சொன்னாள். பிலோமி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். “நல்ல மனுசன்தான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “அவன் ஒருத்தன் கேட்டா கதவு தொறக்காதுன்னு தெரியும். உன் புருசனையும் இய்த்துக்கினு வந்தா தொறக்கும்ல?” என்றாள்.

சிவப்புத் தரை காய்ந்திருந்தது. உள்வாசலுக்கு முன்னால், அவன் பூசி முடிக்காமல் விட்ட கலவையில், ஒரு ஜோடி செருப்பின் அச்சு. பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக, வீட்டைப் பார்த்தபடி. ஜெயவேலின் செருப்பு அடுப்படி மூலையிலேயே கிடந்தது. அந்த அச்சின்மேல் எழில் சிமென்ட்டைக் குழைத்துத் தன் கையாலேயே பூசினாள்.

பட்டம்மாள் வந்தாள். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். தரையில் உள்ளங்காலை வைத்து, “சில்லுனு கீதுடா நைனா” என்றாள். மருமகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பேன் பார்த்தாள். அந்த அறையிலிருந்து பிறகு ஒரு குரலும் வரவில்லை. புகை வாசனையும் இல்லை. வாரங்கள் போகப் போக ஜெயவேல் பழையபடி சாவியால் தட்டி, “வர்ட்டா?” என்றான். முதல் தடவை எழில் கரண்டியைப் பிடித்தபடி கதவையே பார்த்தாள். பிறகு, “சரி, வா” என்றாள். எதுவும் நடக்கவில்லை. ஏங்கிய மனுஷன், ஒருமுறை உள்ளே வந்துவிட்டுப் போய்விட்டான் என்று நம்பத் தொடங்கினாள்.

வலி எடுத்தது ஒரு விடிகாலையில். பட்டம்மாள் துணிப்பையும் ஃபிளாஸ்க்குமாக ஆட்டோவில் ஏறி, “சீக்கிரம்டா” என்று கூவினாள். எழில் ஒரு கையால் இடுப்பையும் இன்னொரு கையால் ஜெயவேலின் சட்டையையும் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். ஜெயவேல் வாசற்கதவைச் சாத்தி, பூட்டைத் தொங்கவிட்டுப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பதற்றத்தில் கை தன்பாட்டுக்குப் பழக்கத்தைச் செய்தது. சாவியால் கதவில் இரண்டு தட்டு.

“வர்ட்டா?”

வலியிலும் எழிலுக்குச் சிரிப்பு வந்தது. “யோவ் லூசு, நான் இங்க கீறேன். உள்ள யாரு கீறாங்க உனக்கு...”

சொல்லி முடிக்கவில்லை.

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து, கதவுக்கு மிக அருகில், அந்தப் பழைய குரலில், நிதானமாகப் பதில் வந்தது.

“சரி, வா.”

அதற்குப் பிறகு, உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.